ஊசி போன தடம் – 9: துவைத்தால் தெரியும்

சென்ற வாரம் வங்காளத்துக் காந்தாவில் நிறுத்தியிருந்தோம். நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத்தையல் போட்டுப் போர்வையாக்குகிற வேலை அது. ஜப்பானின் சாஷிகோவிலும் ஓடுவது அதே ஓட்டுத்தையல்தான். ஊசியை இறக்கி ஏற்றுவது, மறுபடி இறக்குவது. அதற்கு மேல் தையல் வகை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சட்டைப் பொத்தான் தைக்கத் தெரிந்தவர் உட்கார்ந்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். அதனால்தான் இன்று உலகெங்கும் சாஷிகோ பெட்டியில் அடைத்து விற்கப்படுகிறது: கருநீலத் துணி, வெள்ளை நூல், நீள ஊசி, துணிமேல் ஏற்கெனவே அச்சிட்ட கோடுகள். கோட்டின் மேலேயே தைத்து முடித்துத் தண்ணீரில் அலசினால் அச்சு கரைந்து தையல் மட்டும் நிற்கும். இப்படிக் கற்பவர் சாஷிகோவின் தோற்றத்தைக் கற்றுக்கொள்கிறார், சந்தேகமில்லை. சாஷிகோவைக் கற்றுக்கொள்கிறாரா என்பதுதான் கேள்வி. என் கட்சி இது: இந்தத் தையலில் ஆசிரியர்கள் சொல்லித்தரும் விதிகளில் பெரும்பாலானவை குளிரும் கிழிசலும் துவைப்பும் ஏற்படுத்தியவை. அழகு அவற்றோடு கூடவே வந்தது. ஆகவே துணிக்கு என்ன குறை என்று பார்ப்பதிலிருந்து பாடம் தொடங்க வேண்டும். கோலம் அதற்குப் பின்.

இதற்கான சான்று வடக்கே இருக்கிறது. ஹொன்ஷூ தீவின் வடகோடியில் அவோமொரி மாகாணம். அதன் மேற்குப் பாதி சுகாரு. ஆண்டில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும் நிலம் அது. பருத்தி அங்கே விளையாது. விளைந்தது ஹெம்ப் என்கிற நார்ச்செடி. அதன் நாரை நூற்று நெய்த துணி முரடு; இழைக்கும் இழைக்கும் நடுவே காற்று தாராளமாகப் போய்வரும். கோடைக்கு உகந்தது, பனிக்கு ஆகாது. தட்பவெப்பம் கைவிட்டது போதாதென்று ஆட்சியும் சேர்ந்துகொண்டது. 1724-இல் சுகாரு ஆட்சியாளர்கள் சிக்கன ஆணை பிறப்பித்து, உழவர்கள் வேலைக்கானாலும் வீட்டுக்கானாலும் நார்த்துணியையே உடுத்த வேண்டும் என்றார்கள். பருத்தி அப்போது ஜப்பானுக்கே புதுமையானதல்ல. இதே காலத்தில் டச்சுக் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றிவந்த கோடு போட்ட பருத்தித் துணியை, நம் சாந்தோமின் பெயராலேயே அழைத்து, நகரத்துச் செல்வர்கள் ஆசையோடு வாங்கினார்கள். பழைய பருத்தி ஆடைகளும் ஒசாகா பக்கமிருந்து ஜப்பான் கடல் வழியாகப் பாய்மரக் கப்பல்களில் வடக்கே போய் விலையாயின. சுகாரு உழவர் வீட்டுக்குத் துணியாக எட்டாத பருத்தி, நாளடைவில் நூலாக எட்டியது. அந்த நூலைக் கொண்டு பெண்கள் செய்ததுதான் கொகின் எனும் சாஷிகோ. ஊடை ஓடும் வாக்கிலேயே பருத்தி நூலை வரிவரியாக ஓட்டி, துணியின் கண்களை அடைத்தார்கள். காற்று நுழைந்த இடத்தில் நூல் உட்கார்ந்தது. துணி கனத்தது, கதகதப்பானது, கூடுதல் நாள் உழைத்தது.

இது பிற்காலத்தார் கட்டிய கதையா என்று ஐயப்படுகிறவர்கள், உடையில் எங்கே தைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். கொகின் மேலங்கிகளில் தையல் அடர்ந்திருப்பது மார்பிலும் முதுகிலும் தோளிலும்தான். சுகாருவின் மேற்குப் பகுதி உடைகளில் தோள்பட்டையில் நெருக்கமான கோடுகள் தனியே உண்டு. முதுகில் சுமை கட்டித் தூக்கியவர்களுக்குக் கயிறு உரசும் இடம் அது. தைத்த இடமும் நைந்துபோனால் அதன் மேலேயே இரண்டாம் முறை தைத்தார்கள். வெள்ளை நூலில் அழுக்கேறிவிட்டால் உடை முழுவதையும் நீலச்சாயத்தில் முக்கினார்கள். அப்படிச் சாயம் குடித்த உடைகளில் வடிவம் சட்டென்று கண்ணுக்குப் படாது. விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும். அலங்காரம் ஒன்றே நோக்கமாக இருந்திருந்தால், அதைத் தாங்களே சாயத்தில் மூழ்கடித்திருப்பார்களா? குளிர் இல்லாத இடத்திலும் இதே நியாயம்தான். இன்றைய டோக்கியோவான எடோ நகரத்தில் 1720-இல் நகரத்தாரின் தீயணைப்புக் குழுக்கள் 47 ஆக ஒழுங்குபடுத்தப்பட்டன. அவர்கள் மாட்டிய அங்கி, பருத்தித் துணியை அடுக்கி நெருக்கமான சாஷிகோவால் பிணைத்தது. தீக்குள் இறங்குமுன் அதைத் தண்ணீரில் ஊறவைப்பார்கள்; அடுக்குகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உட்புறத்தில் நாகமும் வீரர்களுமாகச் சித்திரம் இருக்கும். தீ அணைந்தபின் உள்ளே இருப்பதை வெளியே திருப்பி மாட்டிக்கொண்டு வீதியில் நடப்பார்கள். வேலை நேரத்தில் வெளியே இருந்தது தையல், வேலை முடிந்தபின் வெளியே வந்தது அழகு.

இப்போது வகுப்பறைக்கு வருவோம். ஊசியை நகர்த்தாதே, துணியை நகர்த்து என்பது முதல் பாடம். ஊசியின் பின்முனை உள்ளங்கையில் பொருத்திய சிறு உலோகத் தகட்டில் முட்டிக்கொண்டிருக்கும். இடக்கை துணியை மேலும் கீழும் அசைத்து அசைத்து ஊசிமுனைக்கு ஊட்டும். ஊசி நெடுக துணி கொசுவமாகச் சேர்ந்தபின்தான் நூலை இழுப்பது. இழுத்தவுடன் அந்தக் கொசுவத்தை விரல்களால் தையல் போன திசையில் நன்றாக நீவிவிட வேண்டும். இந்த நீவல்தான் புதிதாகக் கற்பவர் தவறாமல் விடுகிற படி. நீவாத தையல் மேசைமேல் இருக்கும்வரை அழகாகவே இருக்கும். தண்ணீர் பட்டதும் பருத்தி நூல் சுருங்கும். விட்டுக்கொடுக்க நூலில் தளர்ச்சி இல்லாததால் துணி சுண்டிக்கொள்ளும். கோடு திரும்பும் மூலைகளில் பின்பக்கம் நூலைச் சற்றுத் தொளதொளவென்று விடச் சொல்வதும், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவும்போது இழுத்துக் கட்டாதே என்பதும் இதற்காகவே. நட்சத்திரம் போல ஆறு கோடுகள் கூடும் ஹெம்ப் இலை வடிவத்தின் நடுவில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது, சிறு வெற்றிடம் இருக்க வேண்டும் என்பார்கள். ஏறினால் அந்த இடம் புடைத்து நிற்கும். புடைத்தது முதலில் உரசும், முதலில் உரசுவது முதலில் அறும். முடிச்சுப் போடாமல், தொடங்கும் இடத்தில் நான்கைந்து தையல் பின்னோக்கிப் போய்த் திரும்பி வருவதற்கும் காரணம் உண்டு: இருபுறமும் பயன்படும் துணியில் முடிச்சு உறுத்தும். நூல்கூட அப்படித் தேர்ந்ததுதான். சாஷிகோ நூல் மினுமினுக்காத, முறுக்குக் குறைந்த பருத்தி. துணியின் கண்ணில் பஞ்சுபோல் உப்பி உட்காரும். பளபளப்பான எம்பிராய்டரி நூல் அந்த வேலையைச் செய்யாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்பும்கூட. தேவை மட்டுமே காரணம் என்றால் கண்டபடி தைத்து ஓட்டையை அடைத்திருக்கலாமே. பூனைக்கண் என்றும் அவரை என்றும் பெயர் சூட்டிய நுணுக்கமான வடிவங்கள் எதற்கு? மேற்பக்கத் தையல் மூன்று பங்கு, அடிப்பக்கம் இரண்டு பங்கு என்று பல ஆசிரியர்கள் அளவு வைக்கிறார்களே, அது கண்ணுக்கான விதிதானே? ஆம், அது கண்ணுக்கான விதிதான். சாஷிகோவில் அழகுணர்ச்சியே இல்லை என்று வாதிடுகிறவன் கண்ணிருந்தும் குருடன். என் வாதம் வேறு: எந்த அழகு சாத்தியம் என்பதைத் தேவைதான் தீர்மானித்தது. கொகினில் வடிவத்தைத் துணியில் வரைவதில்லை. பாவு இழைகளை எண்ணித்தான் தைப்பார்கள். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படையில் ஊசி தாண்டும். ஏன் இருபது இழை தாண்டக் கூடாது? அவ்வளவு நீளம் மேலே கிடக்கும் நூல் கொக்கியிலும் கிளையிலும் மாட்டி இழுபடும். தாண்டல் குட்டையாகவே இருக்க வேண்டும், அடுத்த வரியில் சற்று நகர வேண்டும் என்று வைத்துக்கொண்டால், தானாக விளைவது படிப்படியாக விரிந்து குறுகும் சாய்சதுரம். கொகினின் எல்லா வடிவங்களும் அந்தச் சாய்சதுரத்தின் பேரப்பிள்ளைகள். பக்கத்து நன்பு வட்டாரத்தில் இரட்டைப்படையில் எண்ணினார்கள். அங்கே சாய்சதுரம் குறுக்கே அகன்று படுத்தது, சுகாருவில் நெட்டுக்கு நின்றது. இரண்டு ஊர்ப் பெண்களும் தங்கள் ரசனையைக் காட்ட நிறைய இடமிருந்தது. அந்த இடத்தின் எல்லையை வரைந்தது மட்டும் துணி.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. இது வறுமையைப் பூசி மெழுகும் பேச்சு. குளிர்கால இரவுகளில் பெண்கள் கண் நோகச் செய்த கட்டாய உழைப்பை இன்று ஞானமாக்கிக் காட்டுகிறீர்கள் என்பது. வரலாறு இந்த மறுப்புக்கு வலுச்சேர்க்கிறது. 1891-இல் அவோமொரி வரை ரயில் பாதை வந்து சேர்ந்தது. பருத்தித் துணி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் கொகின் வேகமாகத் தேய்ந்தது. தங்களுக்கு வேண்டியது கதகதப்பு என்பதை அந்தப் பெண்களே இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. நாட்டுப்புறக் கைவினை இயக்கத்தைத் தொடங்கிய யானகி சோஎட்சு, 1932-இல் தம் இதழில் கொகினைப் போற்றி எழுதியபோது அது ஏறக்குறைய முடிந்துபோன கலை. பின்னர் ஹிரொசாகி நகரத்தில் இதற்கென்றே ஆய்வகம் இயங்கி, பழைய உடைகளிலிருந்து வடிவங்களைத் திரட்டிப் புதுப் பொருள்களில் தைக்கவைத்தது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை, தாங்கித்தான் பிடிக்கிறது. தேவை போனதும் தையல் நின்றது என்றால், தையலை நடத்தியது தேவைதான் என்றாகிறது. அந்தத் தேவையை மறைத்துவிட்டு வடிவத்தை மட்டும் விற்பதே வறுமையைப் பூசி மெழுகுவது. ஒவ்வொரு விதிக்கும் பின்னாலிருந்த குளிரைச் சொல்லிக்கொடுப்பவர் அந்தப் பெண்களின் உழைப்புக்குக் கணக்குக் காட்டுகிறார்.

அப்படியானால் தேவை போய்விட்ட காலத்தில் எதற்குக் கற்பது என்று கேட்கலாம். தேவை போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. 2011 சுனாமியில் சிதைந்த இவாதே மாகாணத்து ஒட்சுசி ஊரில், நிவாரண முகாமில் இருந்த பெண்களுக்காக சாஷிகோத் திட்டம் ஒன்று தொடங்கியது. ஊசி, நூல், துணி மூன்றும் போதும். நெருக்கடியான முகாமில் ஓர் ஆள் உட்காரும் இடத்தில் செய்யலாம். கையில் கொஞ்சம் காசும் வரும். நார்த்துணியின் கண்களை அடைத்த தேவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் தேவைதான். நம் அலமாரிகளின் நிலையைப் பார்த்தாலும் இன்னொன்று தெரியும். முழங்கால் நைந்த ஜீன்ஸும் முழங்கை தேய்ந்த சட்டையும் மற்றபடி நன்றாக இருக்கும்போதே குப்பைக்குப் போகின்றன. பின்னால் ஒரு துண்டு வைத்து நெருக்கமாக நான்கு வரி ஓட்டினால் இன்னும் நெடுநாள் உழைக்கும் துணி அது.

ஆகவே அச்சிட்ட பெட்டி பாவமென்று சொல்ல வரவில்லை. முதல்முறை ஊசி பிடிப்பவருக்குக் கோடு துணையாகத்தான் இருக்கும். சிக்கல், தைத்ததைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும்போது தொடங்குகிறது. சுவரில் தொங்கும் துணி துவைக்கப்படுவதில்லை. எனவே தையல்காரரின் பிழை எதையும் அது சொல்வதில்லை. ஜப்பானிய வீடுகளில் தொடக்கநிலைக்கு உகந்த பொருளாக நெடுங்காலம் இருந்துவருவது, சராஷி என்கிற வெளுத்த பருத்தித் துணியை இரண்டாக மடித்துத் தைக்கும் பாத்திரம் துடைக்கும் துணி. விலை அற்பம். நம்மிடம் ஒரு பழைய வேட்டித் துண்டே போதும். முதலில் துணியைத் துவைத்துச் சுருங்கவிடுங்கள். பின் நேர்கோடுகள் மட்டும், ஒரு விரற்கடை இடைவெளியில், நீவி நீவித் தையுங்கள். தைத்ததை அடுக்களையில் புழங்கவிட்டு, பலமுறை அலசியபின் எடுத்துப் பாருங்கள். எந்த வரி சுண்டியது, எந்த மூலை புடைத்தது, எந்தத் தாவல் அறுந்தது என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அடுத்து நைந்த உடை ஒன்றை எடுத்து, எந்த இடம் முதலில் தேய்ந்தது, ஏன் அங்கே என்று பார்த்து அங்கே மட்டும் தையுங்கள். அலைச் செதில், ஹெம்ப் இலை போன்ற வடிவங்கள் மூன்றாவதாக வரட்டும். அப்போது கோடு திரும்பும் இடத்தில் கை தானாக நூலைத் தளர்த்தும். யாரும் சொல்ல வேண்டியிருக்காது. வரிசை மாறினால் கையில் வடிவங்கள் சேரும், நிதானம் சேராது.

நார்த்துணியை நீலச்சாயத்தில் முக்கியதும் சாயத்துக்கு மேல் வெள்ளை நூல் எழுந்ததும் இங்கே போகிற போக்கில் வந்தன. நம் அவுரிக்கு உறவில்லாத ஒரு செடியிலிருந்து ஜப்பானியர் அதே நீலத்தை எப்படிப் பிழிந்தார்கள் என்பது தனிக் கதை. அடுத்த வாரம் சாயத்தொட்டி.