உஷார்! ஆறாம் வகுப்பில் மாற்றும் பள்ளி, பன்னிரண்டில் பறிபோகும் சீட்

வரும் ஜூனில் பிள்ளையைப் பள்ளி மாற்றலாம் என்று நினைக்கிறீர்களா? அட்மிஷன் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி வைத்திருப்பவர்கள், ஓரிக்கை, செவிலிமேடு, ஐயன்பேட்டைப் பக்கம் கூலிக்கு நெய்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு வருடம் பிள்ளை வேறு வகைப் பள்ளியில் உட்கார்ந்தால் போதும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும்போது கையில் விழ வேண்டிய சீட்டும் கட்டணச் சலுகையும் போயிருக்கும். அப்போது யார் காலில் விழுந்தாலும் திரும்பக் கிடைக்காது.

7.5 சதவீத உள் ஒதுக்கீடு பற்றித்தான் சொல்கிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் இந்த ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு அரசு 2020-ல் சட்டமாகக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய வருடங்களில் அரசு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த முதல் வருடமே நூற்றுக்கணக்கில் போனார்கள். 2021-ல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. கூலித் தறி ஓட்டும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் நிபந்தனை கறாரானது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி போன்றவையும் இதில் சேரும். பிளஸ் டூவில் மட்டும் அரசுப் பள்ளியில் இருந்தால் போதாது. பத்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தாலும் போதாது.

நம் ஊரில் நடப்பதை யோசித்துப் பாருங்கள். ஐந்தாவது வரை பிள்ளை தெருமுனை மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறது. அந்த வருடம் கல்யாண சீசன் நன்றாக இருக்கிறது, தொடர்ந்து பாவு கிடைக்கிறது, கையில் நாலு காசு நிற்கிறது. "இங்கிலீஷ் மீடியத்தில் போடலாம்" என்று ஆறாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறோம். இரண்டு வருடத்தில் பட்டு, ஜரிகை விலை ஏறுகிறது, முதலாளி பாவு தருவதைக் குறைக்கிறார், ஃபீஸ் கட்ட முடியவில்லை. எட்டிலோ ஒன்பதிலோ பிள்ளையைத் திரும்ப அரசுப் பள்ளிக்குக் கொண்டுவருகிறோம். பிள்ளை நன்றாகப் படித்து நல்ல மார்க்கும் வாங்குகிறது. கலந்தாய்வு விண்ணப்பத்தில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு எந்தப் பள்ளி என்று கேட்கும் இடத்தில்தான் விஷயம் தெரியவருகிறது. இங்கிலீஷ் மீடியம்தான் காரணம் என்றால், பல அரசுப் பள்ளிகளிலேயே அந்த வகுப்புகள் நடக்கின்றன என்பதையாவது முதலில் விசாரித்திருக்கலாம்.

இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று காஞ்சிபுரத்தில் இருக்கிறது. இங்கே நூற்றாண்டு தாண்டிய அரசு உதவி பெறும் பள்ளிகள் உண்டு. அறிஞர் அண்ணா படித்த பச்சையப்பன் பள்ளியின் பெருமை ஊருக்கே தெரியும். இந்த மாதிரிப் பள்ளிகளில் புத்தகம் இலவசம், சத்துணவு உண்டு, வாத்தியாருக்கு அரசு சம்பளம். அதனால் இதுவும் கவர்மென்ட் ஸ்கூல்தானே என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளிக்கு இடம் கிடையாது. பள்ளி நல்ல பள்ளியாக இருக்கலாம், வாத்தியார்கள் உயிரைக் கொடுத்துச் சொல்லித்தரலாம், ஆனாலும் இந்தச் சலுகை அங்கே வராது. இது சரியா என்று கேட்டால், சரியில்லை என்பதே என் கருத்து. உதவி பெறும் பள்ளியில் உட்கார்ந்திருப்பதும் அதே தறிக்காரர் பிள்ளைதான். ஆனால் சட்டம் இன்று இப்படி இருக்கும்போது, தெரிந்து முடிவெடுப்பது வேறு, தெரியாமல் மாட்டிக்கொள்வது வேறு.

மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் திட்டங்களுக்குக் கணக்கு வேறு. பெண்பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்தவர்களுக்கு, படிப்பு முடியும்வரை அவர்கள் வங்கிக் கணக்கிலேயே பணம் விழும். மூன்று வருட டிகிரிக்கு 36,000 ரூபாய். இவற்றில் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஆனால் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அதே பள்ளியில் இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷனில் போட்டிருந்தால் கிடையாது. செக்‌ஷன் மாற்றும்போது இதை யாரும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. நாமும் கேட்பதில்லை.

இன்னொரு இடத்திலும் கால் வழுக்குகிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு சலுகை முடிகிறது. ஒன்பதில் முழு ஃபீஸ் கேட்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளிக்கு வந்து பன்னிரண்டு வரை படித்தால் 7.5 சதவீதமும் உண்டு, மாதம் 1,000 ரூபாயும் உண்டு. "இந்த ஒரு வருடம் எப்படியாவது கட்டிவிடலாம்" என்று கடன் வாங்கி ஒன்பதையும் தனியாரில் ஓட்டிவிட்டுப் பத்தில் வந்தால், கடனும் மிச்சம், சலுகையும் இல்லை. ஃபீஸ் பாக்கி இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) தரமாட்டோம் என்று பள்ளி சொன்னால் பயப்படாதீர்கள். கட்டணம் வசூலிக்க டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. இல்லை என்று அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது.

டி.சி. வரட்டும் என்று பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதுதான் நம் ஊரில் பெரிய அபாயம். கோர்வைச் சேலை நெய்கிற தறியில் மூன்று நாடா ஓட வேண்டும், நெய்பவருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கை ஒரு காலத்தில் சின்னப் பிள்ளையின் கையாகவே இருந்தது. முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்காகப் பிள்ளைகள் தறியில் உட்கார்ந்த ஊர் இது. 2003-ல் வெளிவந்த ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை வரை காஞ்சிபுரத்தின் பெயர் அதற்காகவே அடிபட்டது. அந்த நிலையிலிருந்து ஊர் வெகுதூரம் வந்துவிட்டது. ஆனால் பள்ளியில்லாமல் வீட்டில் இரண்டு மாதம் சும்மா இருக்கும் பதினாலு வயதுப் பையனை, "கொஞ்சம் வந்து பக்கத்தில் உட்காரு" என்று கூப்பிடாத வீடு எது? அப்படி உட்கார்ந்தவன் திரும்பப் பள்ளிக்கு எழுந்து போவது சுலபமில்லை. தறி வேண்டாம் என்றால் ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி வண்டி அடுத்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

எட்டாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வைப் பற்றி இப்போதே கேளுங்கள். ஏழாம் வகுப்பில் 55 சதவீத மார்க், குடும்ப வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் என்றால் எழுதலாம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி இரண்டுக்கும் உண்டு. பலர் கோட்டைவிடுவது தேர்வில் இல்லை. ஜெயித்த பிறகு வருடாவருடம் புதுப்பிக்கத் தவறுகிறார்கள், அல்லது பிள்ளையை நடுவில் தனியாருக்கு மாற்றிவிடுகிறார்கள். பணம் நின்றுவிடுகிறது.

இவ்வளவு திட்டம் இருப்பது நமக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் திருடனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. "கல்வித் துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது" என்று போன் வரும். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். அதைக் கேட்டு நம்பிவிடாதீர்கள். அடுத்து வாட்ஸ்ஆப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார்கள், அல்லது வந்த ஓ.டி.பி.யைக் கேட்பார்கள், அல்லது ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போகும், அவ்வளவுதான். சேலைக் கூலி முழுவதும் ஜிபேயில் வரும் காலம் இது. ஒரு தடவை தட்டினால் ஒரு மாத உழைப்பு காலி. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். அந்த நிமிடமே 1930-க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போகிற வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க முடியும்.

உண்மைத் தகவல் ஏன் நம்மை எட்டுவதில்லை என்பதற்கு ஒரு காரணம், பள்ளியில் பதிந்திருக்கும் நம்பர். மூன்று வருடத்துக்கு முன்பு தூக்கிப்போட்ட சிம் நம்பர்தான் இன்னும் கல்வித் துறையின் எமிஸ் (EMIS) பதிவில் இருக்கும். அல்லது அப்பாவின் போன் நம்பர் இருக்கும், அவர் தறியில் இருக்கும்போது எடுக்க மாட்டார், பிள்ளையின் பள்ளி விஷயத்துக்கு ஓடுவது அம்மா. அம்மா நம்பரைக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். திட்டங்களில் எது வந்தது, எது மாறியது என்று அங்கே எழுந்து கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விதிகள் வருடத்துக்கு வருடம் திருத்தப்படுகின்றன. பக்கத்து வீட்டு அக்கா போன வருடம் சொன்னது இந்த வருடம் பொருந்தாமல் போகலாம்.

முழுத் தேர்வு முடிந்ததும், வைகாசி கருடசேவைக் கூட்டத்தில் ஊர் மூழ்குவதற்கு முன், ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். இது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா என்று நேராகக் கேளுங்கள். பிள்ளை இருப்பது தமிழ் வழியா என்று கேளுங்கள். மாற்றினால் எது போகும், எது நிற்கும் என்று கேளுங்கள். ஏற்கெனவே பள்ளி மாறிய பிள்ளை என்றால், ஒவ்வொரு பள்ளியிலும் எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை படித்தது என்ற சான்றிதழை இப்போதே கையெழுத்தும் சீலுமாக வாங்கி வையுங்கள். பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் அதில் இணைந்திருக்கிறதா, ஆதாரிலும் பள்ளிப் பதிவிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் சரியான பதில் கிடைக்கவில்லை என்றால் 14417, கல்வித் துறையின் உதவி எண். நீங்கள் அடிக்கும் போன் அதுவாக இருக்கட்டும். அவர்கள் பெயரில் உங்களுக்கு வரும் போனை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.