மேட்டில் வியர்வை, இறக்கத்தில் நடுக்கம்

கண்ணுகளா, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மேட்டுப்பாளையம் சாலையில் போயிருக்கிறீர்களா? தலைக்கவசமும் இறுக்கமான பனியனும் போட்டுக்கொண்டு, கோயம்புத்தூர்க்காரர்கள் ஒல்லி டயர் சைக்கிள்களில் மலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருப்பார்கள். மேட்டுப்பாளையத்தின் உயரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்று அதிகம். குன்னூரின் உயரம் சுமார் 1,850 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். கீழே 32 டிகிரி என்றால், குன்னூரில் 22 டிகிரிதான்.

குளிர்ச்சியான இடத்துக்குப் போகப் போக, ஏறுகிறவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. அவரே இறங்கும்போது கிடுகிடுவென்று நடுங்குகிறார். ஏன்?

நம் தசை சாப்பாட்டிலிருந்து எடுக்கும் சக்தியில் கால்வாசிதான் மிதியைச் சுற்றப் போகிறது. மீதி முக்கால்வாசியும் வெப்பமாக மாறிவிடுகிறது. நன்றாகப் பழகிய ஒருவர் மிதியில் 250 வாட் கொடுத்தால், உடம்புக்குள் 750 வாட் வெப்பம் உண்டாகும். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியைப் புரட்டிப் பாருங்கள். பலவற்றில் இதே 750 வாட் என்றுதான் போட்டிருக்கும்!

இத்தனை வெப்பத்தை வெளியே தள்ளுவது வியர்வைதான். 1 லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். 750 வாட் வெப்பத்தை வியர்வையால் மட்டுமே தணிக்க வேண்டுமென்றால், மணிக்கு 1 லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. ஆவியானால்தான் தோல் குளிரும். அதனால்தான் சித்திரை வெயிலில் ஓட்டுகிறவர்கள் தாகம் எடுக்கும் முன்பே தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் குடிக்கிறார்கள்.

பழக்கமும் உதவும். வெயிலில் தினமும் கொஞ்ச நேரம் பயிற்சி செய்தால், இரண்டு வாரத்துக்குள் உடம்பே மாறிவிடும். இரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். வியர்வை சீக்கிரமே சுரக்கும். அதில் வீணாகும் உப்பும் குறையும்.

அடுத்தது காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, பல்லடம், உடுமலைப்பேட்டை பக்கத்துக் காற்றாலைகளையே சுற்ற வைக்கிறது. நீங்கள் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் ஓட்டும்போது எதிர்க்காற்றும் 25 கி.மீ. வேகத்தில் வந்தால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 50 கி.மீ. ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால், காற்றின் தடை நான்கு மடங்காகும். அதனால் போட்டிகளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி, முறை வைத்து முன்னால் வருவார்கள். பின்னால் வருகிறவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சமாகும்.

இப்போது இறக்கம். மிதிக்க வேண்டியதில்லை, அதனால் உடம்பில் வெப்பமும் அவ்வளவாக உண்டாகாது. சட்டையோ நனைந்திருக்கிறது. 50 கி.மீ. வேகக் காற்று அந்த ஈரத்தை ஆவியாக்கி, இருக்கிற வெப்பத்தையும் உறிஞ்சுகிறது. நெஞ்சுக்கூட்டையும் மூளையையும் காப்பாற்ற, உடம்பு விரல்களுக்குப் போகும் இரத்தத்தைக் குறைக்கிறது. விரல் மரத்துப்போனால் பிரேக்கை எப்படிப் பிடிப்பது? 2008-ல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' சைக்கிள் பயணத்தில், மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையில் ஏறி உதகைக்குப் போகிறவர்கள் குளிருக்கான உடையையும் எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

இந்த வெப்பக் கணக்கு ஓர் உலகப் போட்டியையே மாற்றியிருக்கிறது. 1988 ஜூன் 5, இத்தாலியின் 'ஜிரோ' என்ற பல நாள் சைக்கிள் போட்டி. 2,600 மீட்டர் உயரமுள்ள காவியா கணவாயில் பனி கொட்டியது. உச்சியை முதலில் தாண்டியவர் நெதர்லாந்தின் யோஹான் வான் டெர் வெல்டே. அவர் போட்டிருந்தது அரைக்கைச் சட்டை! இறக்கத்தில் குளிர் தாங்காமல் நின்றுவிட்டார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கினார். அமெரிக்காவின் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் கையுறை, கம்பளித் தொப்பி, மேல்சட்டை எல்லாம் தயாராக வைத்திருந்தார். அன்று அவர் இரண்டாவதாக வந்தாலும், ஒட்டுமொத்தத்தில் முன்னிலை பிடித்து, கடைசியில் அந்த ஆண்டு ஜிரோவையே வென்றார். இருவருமே உரம் வாய்ந்த வீரர்கள். ஹாம்ப்ஸ்டனிடம் கூடுதலாக இருந்தது முன்யோசனை.

பெரிய வீரர்கள் செய்த செலவில்லாத தந்திரம் ஒன்றும் உண்டு. மலை உச்சியில் செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொள்வார்கள். தாள் எதிர்க்காற்றைத் தடுக்கும். தாள் மடிப்புகளுக்கு இடையே அசையாமல் நிற்கும் காற்று, வெப்பத்தை எளிதில் வெளியே விடாது.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு கையை மட்டும் தண்ணீரில் நனைத்து, இரண்டு கைகளையும் மின்விசிறிக்கு நேரே நீட்டுங்கள். எந்தக் கை சீக்கிரம் சில்லிடுகிறது? பிறகு ஈரக்கையைச் செய்தித்தாளால் மூடிப் பாருங்கள். என்ன மாற்றம் தெரிந்தது என்று நோட்டில் எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

சைக்கிள் எடுக்கும்போது தலைக்கவசமும் தண்ணீர்ப் புட்டியும் மறக்க வேண்டாம். வெயிலில் தலை சுற்றினாலோ, மழையில் நடுக்கம் எடுத்தாலோ உடனே நிறுத்தி, பெரியவர்களிடம் சொல்லுங்கள். உடம்பு சொல்வதைக் கேட்கத் தெரிந்தவர்தான் நல்ல வீரர்.