வீட்டு ரெய்டு அணியில் விட்டுவிட்டு வரும் வன்தட்டுக் கோளாறு

ரெய்டு அணியில் உள்ள ஒரு வன்தட்டு திடீரென இணைப்பிலிருந்து விலகுவதும், கணினியை மீண்டும் இயக்கியதும் குறையின்றி வேலை செய்வதும் விட்டுவிட்டு வரும் கோளாறு ஆகும். முழுவதும் பழுதான வட்டைக் கண்டுபிடித்து மாற்றுவது எளிது. வந்து வந்து போகும் கோளாறுக்கோ வட்டு, கேபிள், மின்வழங்கி, வெப்பம், அதிர்வு என எதுவும் காரணமாக இருக்கலாம். காரணம் அறியாமல் வட்டை மாற்றினால் நல்ல வட்டு வெளியேறும். கோளாறு அப்படியே இருக்கும்.

திருப்பூர் போன்ற பின்னலாடைப் பகுதிகளில் வீட்டோடு சேர்ந்த சிறு அலுவலகங்களில் பிரிண்டிங் டிசைன்கள், எம்பிராய்டரி கோப்புகள், பேட்டர்ன்கள், கணக்குகள் ஆகியவற்றைச் சேமிக்க இத்தகைய அணி பயன்படும். அங்கு ஒரு கோப்பு தொலைந்தால் ஓர் ஆர்டரே தடைபடலாம்.

ரெய்டு என்பது என்ன?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை மூலம் இப்பெயர் பரவியது. பல வட்டுகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு அழியாமல் காப்பதே இதன் நோக்கம். ரெய்டு 1 முறையில் ஒரே தரவு இரு வட்டுகளிலும் எழுதப்படும். ரெய்டு 5 முறையில் நான்கு 4 டெராபைட் வட்டுகளை இணைத்தால் 12 டெராபைட் இடம் கிடைக்கும். ஒரு வட்டின் இழப்பை மட்டுமே அது தாங்கும்.

மறுகட்டமைப்பின் ஆபத்து

விலகிய வட்டுக்குப் பதில் வேறொன்றைச் சேர்த்ததும் மறுகட்டமைப்பு தொடங்கும். அப்போது மற்ற எல்லா வட்டுகளும் முழுமையாகப் படிக்கப்படும். நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் 4 டெராபைட்டைப் படிக்க ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உண்மையான கோளாறு மின்வழங்கியில் இருந்தால் இந்த நேரத்தில் இரண்டாவது வட்டும் விலகலாம். ரெய்டு 5-இல் அது அணி முழுவதையும் முடக்கும். எனவே முதல் வேலை, முக்கியக் கோப்புகளை அணிக்கு வெளியே வேறொரு வட்டில் நகலெடுப்பதே.

கண்டறியும் முறை

1. இயங்குதளத்தின் நிகழ்வுப் பதிவில் வட்டு விலகிய நேரத்தைக் குறிக்க வேண்டும். கணினி வட்டுகளுக்கு இடும் பெயர்கள் மாறக்கூடும் என்பதால் வட்டின் வரிசை எண்ணையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

2. ஸ்மார்ட் எனப்படும் தற்சோதனைப் பதிவைப் படிக்க வேண்டும். பொதுவாக 5-ஆம் எண் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களையும், 197 படிக்க இயலாமல் காத்திருக்கும் செக்டார்களையும் காட்டும். இவை உயர்ந்துகொண்டே போனால் வட்டுத் தளமே கெடுகிறது. 199 தரவுப் பரிமாற்றப் பிழைகளைக் காட்டும். இது உயர்ந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. கேபிளை மாற்றிய பின்னும் பழைய எண்ணிக்கை குறையாது. அது மேலும் கூடுகிறதா என்பதையே பார்க்க வேண்டும்.

3. கணினியை அணைத்துவிட்டு, சந்தேகத்துக்குரிய வட்டின் கேபிளையும் நல்ல வட்டின் கேபிளையும் இடம் மாற்ற வேண்டும். பழைய வட்டே மீண்டும் விலகினால் அவ்வட்டையும் அதன் இணைப்பு முனையையும் ஆராய வேண்டும். கோளாறு கேபிளோடு அடுத்த வட்டுக்குப் போனால் கேபிளே காரணம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும்.

4. ஒரே நொடியில் இரண்டு மூன்று வட்டுகள் விலகினால் அவற்றுக்குப் பொதுவான மின்வழங்கி, மின் பிரிப்புக் கேபிள் அல்லது கட்டுப்பாட்டு அட்டையைச் சோதிக்க வேண்டும். வட்டுகள் சுழலத் தொடங்கும்போது மின்தேவை மிகுதி. விலகிய நேரமும் மின்தடையால் ஜெனரேட்டருக்கு மாறிய நேரமும் ஒத்துப்போனால் யூபிஎஸ்-ஐயும் பார்க்க வேண்டும்.

நல்ல வட்டும் விலகுவது ஏன்?

சாதாரண மேசைக்கணினி வட்டு, படிக்க இயலாத செக்டாரை நெடுநேரம் முயன்று பார்க்கும். அதுவரை காத்திராத ரெய்டு கட்டுப்படுத்தி அவ்வட்டைப் பழுதானதாகக் கருதி நீக்கிவிடும். ரெய்டுக்கென விற்கப்படும் வட்டுகளில் இந்த முயற்சி நேரம் பெரும்பாலும் ஏழு நொடி அளவில் நிறுத்தப்படும்.

தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எழுதும் வட்டுகள் மறுகட்டமைப்பின்போது மிகவும் மெதுவாகி விலகலாம். ரெட் வரிசையின் 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில வட்டுகளில் இம்முறை இருப்பதை வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 2020 ஏப்ரலில் வெளிப்படுத்தியது.

சுற்றுப்புறம்

பின்னல் எந்திரங்கள் ஓடும் இடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசி விசிறியையும் காற்றுத் துளைகளையும் அடைத்து வெப்பத்தைக் கூட்டும். எந்திரங்களின் அதிர்வு, வட்டின் தலை தடத்தில் நிலைத்திருப்பதைக் கெடுக்கும். எந்திரம் ஓடும் நேரத்தில் மட்டும் பிழை வந்தால் அணியை வேறு அறைக்கு மாற்றிப் பார்க்கலாம்.

தற்சோதனையின் எல்லை

கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, செயலிழந்தவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கிய ஸ்மார்ட் எண்களில் எந்த முன்னறிவிப்பும் காட்டவில்லை. எனவே ஸ்மார்ட் பதிவு சுத்தமாக இருப்பதால் மட்டும் வட்டு நலமாக உள்ளது எனக் கொள்ள இயலாது. மேலும், தவறுதலாக அழித்த கோப்பு அணியின் எல்லா வட்டுகளிலும் உடனே அழியும். ரெய்டு இருந்தாலும் தனி நகல் ஒன்று எப்போதும் தேவை.