போருக்கு முன் அமர்ந்து கணக்குப் பார்த்தவர் யார்?



லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் இயேசு ஓர் அரசனைப் பற்றிப் பேசுகிறார். இருபதாயிரம் வீரரோடு வருகிற எதிரியைத் தன் பத்தாயிரம் பேரைக் கொண்டு எதிர்க்க இயலுமா என்று அவன் முதலில் அமர்ந்து எண்ணிப் பார்க்கிறான். இயலாதெனில் சமாதானத் தூது அனுப்புகிறான். சீடராய் வாழ்வதற்கான விலையை விளக்கச் சொன்ன உவமை இது. எனினும் நாடாள்வோருக்கும் இதில் பாடம் உண்டு. 2003ஆம் ஆண்டு அமெரிக்கா ஈராக் மீது தொடுத்த போரை இந்த உவமையின் ஒளியில் நாம் சிந்திப்போம்.

திருச்சபையின் போதனை

போரைப் பற்றி நம் திருச்சபை கண்மூடித்தனமாகப் பேசுவதில்லை. தாக்கப்படுகிற நாடு தன்னைத் தற்காத்துக்கொள்ளலாம் என்பதை அது ஏற்கிறது. ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2309ஆம் எண்ணில் நான்கு கடுமையான நிபந்தனைகளை விதிக்கிறது:

1. எதிரியால் விளையும் தீங்கு நீடித்ததாகவும் கொடியதாகவும் உறுதியானதாகவும் இருக்க வேண்டும்.
2. மற்ற எல்லா வழிகளும் பயனற்றுப் போயிருக்க வேண்டும்.
3. வெற்றிக்குத் தக்க வாய்ப்பு இருக்க வேண்டும்.
4. நீக்க விரும்பும் தீமையைவிடப் பெரிய தீமையைப் போர் உண்டாக்கக் கூடாது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் உயிரிழந்தனர். அந்தத் துயரமும் அச்சமும் உண்மையானவை. ஆனால் அத்தாக்குதலை நடத்தியது ஈராக் அல்ல. நாளை ஆபத்து வரலாம் என்பதற்காக இன்றே தாக்குவோம் என்ற கொள்கையை அதிபர் ஜார்ஜ் புஷ் 2002இல் முன்வைத்தார். அப்படிப்பட்ட தடுப்புப் போர் என்ற கருத்து மறைக்கல்வி நூலில் இல்லை என்று அன்றைய கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட், அப்போதே சுட்டிக்காட்டினார்.

2003 மார்ச் 5 திருநீற்றுப் புதன். அன்று உலகெங்கும் அமைதிக்காக நோன்பிருக்கத் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அழைப்பு விடுத்திருந்தார். அதே நாளில் அவருடைய தூதராகக் கர்தினால் பியோ லாகி வெள்ளை மாளிகையில் அதிபர் புஷ்ஷைச் சந்தித்துத் திருத்தந்தையின் கடிதத்தைக் கொடுத்தார். மார்ச் 16 மூவேளைச் செப உரையில், இரண்டாம் உலகப் போரைக் கடந்து வந்தவன் என்ற முறையில், போர் இனி வேண்டாம் என்று திருத்தந்தை கெஞ்சினார். நான்கே நாள்களில் பாக்தாத்தில் குண்டுகள் விழுந்தன.

தேர்தலின் நிழலில்

இந்தப் போருக்கு அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி அளித்தது எப்போது? 2002 அக்டோபரில். நவம்பர் 5 அன்று தேர்தல். பிரதிநிதிகள் சபையில் 296க்கு 133, செனட் சபையில் 77க்கு 23 என்ற வாக்குகளில் தீர்மானம் நிறைவேறியது. குடியரசுக் கட்சி மட்டுமல்ல, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் முக்கியத் தலைவர்கள் பலரும் ஆதரித்தார்கள். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, தேசப்பற்று இல்லாதவர் என்ற பழிக்கு அஞ்சாமல் நிற்பது எளிதாயிருக்கவில்லை. ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றிய உளவுத்துறை அறிக்கையை முழுமையாகப் படித்த உறுப்பினர்கள் மிகச் சிலரே என்று பின்னர் தெரியவந்தது. 2003 பிப்ரவரியில் முதிய செனட்டர் ராபர்ட் பேர்ட், போரின் விளிம்பில் நாடு நிற்கையில் இந்த அவை மௌனமாய் இருக்கிறதே என்று வருந்தினார். உவமையில் வரும் அரசன் அமர்ந்து எண்ணினான். இங்கோ எண்ண வேண்டியவர்கள் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

விலை கொடுத்தவர்கள்

அமெரிக்காவில் கட்டாய இராணுவ சேவை 1973இலேயே முடிந்துவிட்டது. ஆகவே பெரும்பாலான குடும்பங்களிலிருந்து ஒருவரும் போர்க்களம் செல்லவில்லை. போர்க்காலத்தில் வரியை உயர்த்துவதே வழக்கம். இங்கோ 2003 மே மாதத்தில் வரி குறைக்கப்பட்டது, போர் கடன் பணத்தில் நடந்தது. வீரர்களின் சவப்பெட்டிகள் டோவர் விமானத் தளத்துக்கு வந்து இறங்குவதைப் படமெடுக்க 1991இல் விதிக்கப்பட்ட தடை 2009 வரை நீடித்தது. இவ்வாறு போரின் சுமை மக்கள் கண்ணில் படாமலே போயிற்று.

விலை கொடுத்தவர்கள் வேறு பலர். 4,400க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். ஈராக்கின் பொதுமக்களில் ஓர் இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். அபு கிரைப் சிறையில் கைதிகள் வதைக்கப்பட்ட படங்கள் 2004இல் வெளிவந்து உலகையே தலைகுனிய வைத்தன. போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் இல்லை என்பதை அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக்குழுவே அதே ஆண்டில் அறிவித்தது.

திருத்தூதர் காலத்தில் வேரூன்றியதாகப் போற்றப்படும் ஈராக் திருச்சபையும் சிதறியது. போருக்கு முன் பத்து இலட்சத்துக்கும் மேலிருந்த கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறினர். 2007 ஜூன் 3, மூவொரு இறைவன் பெருவிழா அன்று, மோசூல் நகரில் திருப்பலி முடித்து வந்த அருட்பணி ரகீத் கன்னி, மூன்று துணைத் திருத்தொண்டர்களோடு சுட்டுக் கொல்லப்பட்டார். 2008இல் பேராயர் பவுலோஸ் பராஜ் ரஹோ கடத்தப்பட்டுப் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். 2014இல் மோசூலைப் பிடித்த தீவிரவாதிகள் எஞ்சியிருந்த கிறிஸ்தவர்களையும் விரட்டினார்கள். நான்காம் நிபந்தனையை நாம் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

நமது பொறுப்பு

சதாம் உசேன் கொடுங்கோலர் அல்லவா என்று சிலர் கேட்கலாம். ஆம், தம் மக்களையே நச்சு வாயுவால் கொன்றவர் அவர். போரை ஆதரித்த கத்தோலிக்க அறிஞர்களும் அமெரிக்காவில் இருந்தார்கள். போரைப் பற்றிய இறுதித் தீர்ப்பு நாட்டின் பொதுநலனுக்குப் பொறுப்பானவர்களுடையது என்று மறைக்கல்வி நூலே கூறுவதை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆனால் அது பொறுப்பே தவிர, உரிமைச் சீட்டு அல்ல. குடியாட்சியில் வாக்களிக்கிற ஒவ்வொருவருக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு.

2021 மார்ச் 5 அன்று, கர்தினால் லாகி கடிதம் கொண்டுசென்று சரியாகப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, திருத்தந்தை பிரான்சிஸ் பாக்தாத்தில் வந்திறங்கினார். இரு நாள்களுக்குப் பின் மோசூலில், இடிந்த ஆலயங்களின் நடுவே நின்று, போரில் மாண்டவர்களுக்காகச் செபித்தார்.

எந்த நாட்டிலும், எந்தத் தலைவர் போருக்கு அழைத்தாலும், நாம் கேட்க வேண்டியவை உண்டு. சொல்லப்படும் காரணம் உண்மைதானா? மற்ற வழிகள் எல்லாம் முயன்று பார்க்கப்பட்டனவா? யாருடைய பிள்ளைகள் விலை கொடுப்பார்கள்? தேர்தல் எவ்வளவு அருகில் இருக்கிறது? இவற்றைக் கேட்பது தேசத்துரோகம் ஆகாது. அமர்ந்து எண்ணிப் பார்க்கும் ஞானத்தை ஆள்வோருக்கும், அஞ்சாமல் கேட்கும் துணிவை நமக்கும் ஆண்டவர் தந்தருள மன்றாடுவோம்.