குறைந்த செலவில் நிறைவான உணவு

குடும்ப வருமானம் குறையும்போது தட்டில் முதலில் குறைவது சோறு அன்று. அதனுடன் சேரும் பருப்பும் கீரையும் முட்டையுமே. வயிறு நிறைந்தாலும் உடலுக்குத் தேவையான புரதமும் இரும்புச்சத்தும் கிடைப்பதில்லை. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை உள்ளது. இது களைப்பையும் மூச்சிரைப்பையும் உண்டாக்குவதோடு, மகப்பேற்றின்போது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தை விளைவிக்கக்கூடும்.

பணத்தை எதில் செலவிடலாம்?

நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றியும், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. இதனால் மிச்சமாகும் பணத்தைப் பயறு, கீரை, முட்டை ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள். பிஸ்கட், பாக்கெட் தின்பண்டங்கள், விலையுயர்ந்த ஊட்டச்சத்து பானங்கள் ஆகியவற்றைத் தவிர்த்தாலே இதற்கான தொகை கிடைத்துவிடும்.

• கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, நிலக்கடலை ஆகியவை புரதம் தருபவை. இவற்றில் ஒன்றையேனும் தினமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
• ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உள்ளது.
• 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் உள்ளது. ஒரு வேளை அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகுக் களியோ கூழோ உண்ணலாம்.
• வீட்டருகே முருங்கை இருந்தால் அதன் கீரைக்குச் செலவே இல்லை.

சத்து உடலில் சேர

கீரை, பயறு ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. உணவுடன் சிறிது எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் அல்லது கொய்யா சேர்த்தால் அது நன்கு உட்கிரகிக்கப்படும். உணவு உண்டவுடன் தேநீரோ காபியோ அருந்தாதீர்கள். ஒரு மணி நேரமாவது கழியட்டும். கீரையைக் கழுவிய பின்னரே நறுக்குங்கள். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் பயன்படுத்துங்கள்.

உங்களுக்கு உரியதைப் பெறுங்கள்

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறு குழந்தைகள் ஆகியோருக்கு அங்கன்வாடி மையங்களில் சத்துமாவு வழங்கப்படுகிறது. பள்ளிச் சத்துணவில் குழந்தைகளுக்கு முட்டை கிடைக்கிறது. தொடர்ந்து களைப்பு இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பல வீடுகளில் அனைவரும் உண்டபின் எஞ்சியதையே தாய் உண்கிறார். அப்போது பெரும்பாலும் சோறும் குழம்பும் மட்டுமே மீந்திருக்கும். பருப்பையும் கீரையையும் பரிமாறும்போதே அவருக்குரிய பங்கை எடுத்துவையுங்கள். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.