வெடிக்காத குண்டு யாருடையது?

2010 மே 1, சனிக்கிழமை மாலை. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், எஞ்சினை அணைக்காமல் யாரோ விட்டுப்போன நிசான் பாத்ஃபைண்டர் காருக்குள்ளிருந்து புகை வந்தது. நடைபாதை வியாபாரிகள் பார்த்துவிட்டுப் போலீஸைக் கூப்பிட்டார்கள். காருக்குள் எரிவாயு சிலிண்டர்கள், பெட்ரோல் கேன்கள், பட்டாசுகள், அலாரம் கடிகாரங்கள், கூடவே நிறைய உரம். அந்த உரம் வெடிக்கக்கூடிய வகையே அல்ல.

கத்துக்குட்டி வேலை என்றார்கள் நிபுணர்கள். கத்துக்குட்டி என்றால் தனி ஆள். தனி ஆள் என்றால் பின்னால் இயக்கம் எதுவும் இல்லை. எவ்வளவு இயல்பாக ஒன்றிலிருந்து ஒன்று வந்து விழுகிறது பாருங்கள். மறுநாள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலர் ஜேனட் நபோலிடானோ, இதை ஒற்றைச் சம்பவத்துக்கு மேல் எதுவாகவும் கருத ஆதாரமில்லை என்றார். மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பிடிக்காத யாராவதாகக்கூட இருக்கலாம் என்று ஊகித்தார் மேயர் மைக்கேல் புளூம்பெர்க். மே 3 இரவு, துபாய் செல்லும் விமானத்தில் ஏறிவிட்டிருந்த ஃபைசல் ஷாஸாத் பிடிபட்டார். பாகிஸ்தானில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். மே 7-இல்கூட ஜெனரல் டேவிட் பெட்ரேயஸ் அவரைத் தனித்து இயங்கியவர் என்றே சொன்னார். மே 9-இல் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் வந்து, இதற்குப் பின்னால் இருப்பது பாகிஸ்தான் தாலிபான் என்று அறிவித்தார்.

இப்படிப்பட்ட வேளைகளில் உதவ ஒரு பழைய கணிதம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் தாமஸ் பேயஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் விட்டுச்சென்ற தேற்றம். அதன் சாரம் எளிது. ஒரு தடயம் கிடைத்தால், "இது என் ஊகத்துக்குப் பொருந்துகிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. என் ஊகம் சரியென்றால் இந்தத் தடயம் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, தவறென்றால் எவ்வளவு வாய்ப்பு? இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால், அந்தத் தடயத்தால் நமக்கு ஒரு பயனும் இல்லை. காய்ச்சல் டைபாய்டிலும் வரும், மழைக்காலச் சளியிலும் வரும். காய்ச்சலை மட்டும் வைத்து டாக்டர் மருந்துச் சீட்டு எழுத மாட்டார்.

மட்டமான குண்டும் அப்படித்தான். ஷாஸாத் ஜூன் 21-இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, பாகிஸ்தானின் வசிரிஸ்தானில் தனக்கு வெடிபொருள் பயிற்சி கிடைத்தது வெறும் ஐந்து நாள் என்றார். ஐந்து நாள் கற்றவரும் சொதப்புவார், ஒன்றுமே கற்காதவரும் சொதப்புவார். யாருக்கும் சந்தேகம் வராத சரக்கை மட்டும் பொறுக்கி வாங்க வேண்டிய கட்டாயமும் இருவருக்கும் ஒன்றுதான். ஆகவே குண்டின் தரத்தைப் பார்த்து இயக்கத்தின் கை இல்லை என்று முடிவுகட்டியது, தொலைக்காட்சிக்கு ஒத்துவந்தாலும் கணக்குக்கு ஒத்துவரவில்லை.

பாகிஸ்தான் தாலிபான் உடனடியாக வீடியோ வெளியிட்டு, செய்தது நாங்களே என்று உரிமை கோரியிருந்தது. நியூயார்க் போலீஸ் கமிஷனர் ரேமண்ட் கெல்லி அதைப் பொருட்படுத்தவில்லை. அதில் நியாயம் உண்டு. ஓராண்டுக்கு முன், 2009 ஏப்ரலில், நியூயார்க் மாநிலத்தின் பிங்கம்டன் நகரில் ஒருவர் 13 பேரைச் சுட்டுக்கொன்றபோது, அந்த இயக்கத்தின் தலைவர் பைத்துல்லா மெஹ்சூத் அதையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டார். சுட்டவர் வியட்நாமிலிருந்து குடியேறியவர். தாலிபானுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. செய்யாததையும் செய்ததாகச் சொல்பவரின் வாக்குமூலம் தராசில் ஏறாது. இதில் வேடிக்கை, ஷாஸாத் பிடிபட்டபின் அதே இயக்கத்தின் செய்தித் தொடர்பாளர், அவர் எங்கள் ஆள் இல்லை என்று மறுத்தார். மறுப்புக்கும் அதே எடைதான்.

காரின் அடையாள எண்ணைக் கண்ணாடிக்குக் கீழிருந்து பெயர்த்திருந்தார்கள். ஆனால் எஞ்சினிலும் அது பொறிக்கப்பட்டிருந்தது. அதை வைத்து விற்றவரையும், அவரிடம் பேசிய ப்ரீபெய்டு போன் எண்ணையும் பிடித்தார்கள். அந்த எண்ணுக்குப் பாகிஸ்தானிலிருந்து அழைப்புகள் வந்திருந்தன. பத்திரிகைகள் துள்ளின. ஆனால் பெற்றோர் பாகிஸ்தானில் இருப்பவருக்கு அங்கிருந்து போன் வருவதில் என்ன அதிசயம்? தராசைச் சாய்த்தது வேறொன்று. பிப்ரவரி 25-இல் மாசசூசெட்ஸில் 5,000 டாலர், ஏப்ரல் 10-இல் நியூயார்க் மாநிலத்தில் 7,000 டாலர் ரொக்கமாக ஷாஸாத் கைக்கு வந்திருந்தது. பாகிஸ்தான் தாலிபான் ஏற்பாடு செய்த பணம். தனி ஆளுக்கு இப்படி யாரும் படியளப்பதில்லை.

தவறு மறுபக்கமும் நடக்கும். 2003 ஜனவரியில் லண்டன் வுட் கிரீனில் ஒரு ஃபிளாட்டைச் சோதனையிட்டார்கள். அங்கே நடத்திய முதற்கட்டப் பரிசோதனை, ஆமணக்கிலிருந்து எடுக்கும் ரைசின் நஞ்சு இருப்பதாகக் காட்டியது. உலகமே அலறியது. பிப்ரவரி 5-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு சபையில் காட்டிய தீவிரவாத வலைப்பின்னல் படத்தில், பிரிட்டன் விஷக் குழுவுக்கும் ஒரு கட்டம் இருந்தது. ஆனால் பிரிட்டனின் போர்ட்டன் டவுன் ஆய்வகத்தின் நுட்பமான பரிசோதனையில் ரைசின் இல்லவே இல்லை. முதல் சோதனை காட்டியது பொய் அறிகுறி. அங்கே கிடைத்த விஷக் குறிப்புகள் அல்கொய்தா கையேட்டிலிருந்து வந்தவை என்ற வாதமும் நிற்கவில்லை. அவை அமெரிக்க இணையதளங்களில் யாருக்கும் கிடைப்பவை என்று எதிர்த்தரப்பு நிபுணர் எடுத்துக்காட்டினார். 2005 ஏப்ரலில் கமெல் பூர்காஸ் என்ற ஒருவர் மட்டும் விஷச் சதிக்காகத் தண்டனை பெற்றார். கூட நிறுத்தப்பட்ட மற்றவர்களில் ஒருவர்மீதும் அந்தச் சதி நிரூபணமாகவில்லை.

வலைப்பின்னல் படங்களில் எனக்கு எப்போதுமே ஓர் அவநம்பிக்கை. ஒருவர் 100 பேரோடு போனில் பேசுகிறார் என்று வையுங்கள். அந்த 100 பேரும் ஆளுக்கு 100 பேரோடு பேசினால் 10,000. இன்னொரு சுற்று போனால் 10 லட்சம். பொது நண்பர்களைக் கழித்தாலும் ஒரு நகரமே உள்ளே வந்துவிடும். அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ. பல ஆண்டுகள் இப்படி மூன்று சுற்று போய்த் தேடியது. 2014-இல்தான் ஒபாமா அதை இரண்டாகக் குறைத்தார். மூன்றாம் சுற்றில் தீவிரவாதியோடு "தொடர்புள்ளவர்" பட்டியலில் உங்கள் பல் டாக்டரும் இருக்கலாம்.

அப்படியானால் எந்தப் பொருத்தம்தான் கனமானது? வேறெங்கும் கிடைக்காத பொருத்தம். 2001 டிசம்பர் 22-இல் பாரிஸ்–மயாமி விமானத்தில் ஷூவுக்குள் வைத்த குண்டைப் பற்றவைக்க முயன்றார் ரிச்சர்ட் ரீட். பயணிகள் மடக்கிக் கட்டிப்போட்டார்கள். இணையத்தில் படித்து நானே செய்தேன் என்றார் அவர். எஃப்.பி.ஐ. நம்பவில்லை, குண்டில் இருந்த உள்ளங்கை ரேகை ரீடுடையது அல்ல. அந்த ரேகையை வைத்துக்கொண்டு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கேள்வியை மூடாமலே வைத்திருந்தார்கள். 2003 நவம்பரில் இங்கிலாந்தின் கிளாஸ்டர் நகரில் சாஜித் பதாத் என்ற இளைஞரின் வீட்டில் இன்னொரு குண்டின் பாகங்கள் கிடைத்தன. அவரும் விமானம் ஏற வேண்டியவர். மனம் மாறி விலகிவிட்டார். அவர் வீட்டில் இருந்த வெடித்திரியும் ரீடின் ஷூவில் இருந்த திரியும் ஒரே நீளத்திலிருந்து வெட்டப்பட்டவை. விஷக் குறிப்பை யாரும் இணையத்தில் எடுக்கலாம். ஆனால் ஒரே திரியின் இரு துண்டுகள் முன்பின் அறியாத இருவர் கைக்குத் தற்செயலாக வந்துசேராது.

பதாத் 2005-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 13 ஆண்டுத் தண்டனை பெற்றார். புலனாய்வாளர்களுக்கு ஒத்துழைத்ததால் அது இரண்டு ஆண்டு குறைந்தது. நியூயார்க் சுரங்க ரயிலைக் குறிவைத்து 2009-இல் தீட்டப்பட்டு அம்பலமான சதியின் வழக்கு 2012-இல் புரூக்ளினில் நடந்தபோது, ஆப்கானிஸ்தானில் அல்கொய்தா ஆட்களை எப்படிப் பயிற்றுவித்தது என்று வீடியோவில் சாட்சி சொன்னவரும் அவர்தான்.