20% தள்ளுபடி, 5% ஜிஎஸ்டி: பில்லில் எவ்வளவு வர வேண்டும்?

ஓட்டலில் 1,200 ரூபாய்க்குச் சாப்பிட்டாச்சு. 20% ஆஃபர் இருக்கு, 5% ஜிஎஸ்டியும் உண்டு. ‘இருபதில் ஐந்து போனால் 15% தள்ளுபடி, அப்போ 1,020 ரூபாய்’ என்று மனக்கணக்கு போடுபவர்கள் நிறைய பேர். ஆனால், நீங்கள் கட்ட வேண்டியது 1,008 ரூபாய்தான்!

எப்படி?

முதலில் தள்ளுபடி. 1,200-ல் 20% என்பது 240 ரூபாய். மீதி 960. இந்த 960-க்கு மட்டும்தான் வரி. அதில் 5% என்பது 48 ரூபாய். மொத்தம் 1,008. பில்லில் இந்த 48 ரூபாய், சிஜிஎஸ்டி 24, எஸ்ஜிஎஸ்டி 24 என்று பிரிந்திருக்கும்.

போன் கால்குலேட்டரில் 1200 × 0.80 × 1.05 என்று போட்டால் ஒரே நொடியில் விடை வந்துவிடும்.

1,020 ரூபாய்க்கு பில் வந்தால்?

தள்ளுபடிக்கு முந்தைய 1,200 ரூபாய்க்கும் சேர்த்து வரி (60 ரூபாய்) போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சிஜிஎஸ்டி சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, விற்கும்போதே கொடுத்து, பில்லிலும் காட்டப்படும் தள்ளுபடித் தொகைக்கு வரி கிடையாது. எனவே, 12 ரூபாயைத் திருத்தச் சொல்லித் தாராளமாகக் கேட்கலாம்.

ஆனால், பேங்க் கார்டு கேஷ்பேக் வேறு கதை. அது கடைக்காரர் விலையில் குறைப்பது அல்ல. பிறகு உங்கள் கணக்குக்கு பேங்க் தருவது. அதனால் பில்லில் வரி குறையாது.

துணிக்கடையில் கவனம்

சட்டையின் டேக்கில் எம்ஆர்பி 2,000 ரூபாய், ‘அனைத்து வரிகளும் உட்பட’ என்று இருக்கும். 40% தள்ளுபடி என்றால் 1,200 ரூபாய் கொடுத்தால் போதும். அதற்கு மேல் 5% ஜிஎஸ்டி சேர்த்து 1,260 கேட்டால், ‘எம்ஆர்பியிலேயே வரி இருக்கே?’ என்று கேளுங்கள். வாட் வரி காலத்து வழக்கு ஒன்றில், இப்படித் தள்ளுபடி விலைக்கு மேல் வரி வசூலிப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2017-லேயே சொல்லிவிட்டது.

‘50% + 20%’ போர்டைப் பார்த்து 70% என்று நினைக்க வேண்டாம். 2,000 முதலில் 1,000 ஆகும், பிறகு 800 ஆகும். மொத்தத் தள்ளுபடி 60% தான்.

கடையில் பேசியும் சரியாகவில்லையா? பில்லையும் டேக்கையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.